‘ஃபார்மேட் போட்டுடலாமா?’ சரி என்பதற்கு முன் ஒரு நிமிடம்!

“டேட்டா போயிடும் சார், பரவாயில்லையா?” என்று கடைப் பையன் கேட்டிருக்கிறான். “டேட்டான்னா என்னப்பா?” என்று கேட்டிருக்கிறார் சித்தப்பா. “உள்ள இருக்கறதெல்லாம் சார்.”

சிபியூவைத் தூக்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது. “தம்பி, ஒம்பது வருஷமா எழுதினதுடா. உள்ள இருக்கறதெல்லாம் போயிடும்ங்கறான்.”

சித்தப்பா மன்னார்குடியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். தெருக்களின் பழைய பெயர்கள், தூர்ந்துபோன குளங்கள், எந்த வீட்டுத் திண்ணையில் பள்ளிக்கூடம் நடந்தது, எந்த வருடம் எந்தக் கரை உடைந்தது. ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு வந்து, மாலையில் ஒரு விரலால் தட்டித் தட்டிச் சேர்த்தவை. அவர் பேசிய பெரியவர்களில் பாதிப் பேர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். திரும்பப் போய்க் கேட்க ஆளில்லை.

அது 2012 ஐப்பசி. மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இருக்காது. அவர் வீட்டு யுபிஎஸ் பேட்டரி எப்போதோ ஓய்ந்துவிட்டது. டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது கரன்ட் போயிருக்கிறது. வந்ததும் கணினியைப் போட்டால், கறுப்புத் திரையில் நாலு வரி ஆங்கிலம். போனிலேயே எழுத்துக் கூட்டி வாசித்தார். விண்டோஸ் எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரி கோப்பு ஒன்று காணவில்லை அல்லது கெட்டுவிட்டது, அதனால் தொடங்க முடியவில்லை என்பது செய்தி.

எனக்கு மூச்சு வந்தது. அந்த நாலு வரியைத் திரையில் போடும் சின்ன நிரலே ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது. அது எழுந்து, விண்டோஸைத் தேடிப் போய், ஒரு கோப்பு சரியில்லை என்று கண்டுபிடித்துச் சொல்கிறதென்றால் டிஸ்க் சுழல்கிறது, படிக்கிறது. செத்தது விண்டோஸ்தான்.

“சித்தப்பா, அத யார்கிட்டயும் குடுக்காதீங்க. ஆன் பண்ணவும் வேண்டாம். சனிக்கிழம வர்றேன்.”

நான் பையில் போட்டுக்கொண்டு போனது ஒரு சிடியும் ஒரு பென் டிரைவும்.

முன்வாசல் பூட்டு

நம் ஊரில் கணினி எழவில்லை என்றால் கடையில் சொல்லும் முதல் வார்த்தை ‘ஃபார்மேட்’. ‘ஓஎஸ் மாத்திப் போட்டுடலாம் சார், அரை மணி நேர வேலை.’ கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அதுதான் சீக்கிரம் முடிகிற, நிச்சயமாகப் பலன் தருகிற வேலை. ‘டி டிரைவ்ல இருக்கறது போகாது’ என்று ஆறுதலும் சொல்வார். ஆனால் நம்மில் பெரும்பாலோர் எதையும் டி டிரைவில் வைப்பதில்லை. டெஸ்க்டாப்பில் வைப்போம், மை டாக்குமென்ட்ஸில் வைப்போம். இரண்டும் சி டிரைவில் இருக்கின்றன. ஃபார்மேட் போடுவது சி டிரைவுக்கு.

ஒரு வீட்டின் முன்வாசல் பூட்டு இறுகிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பீரோ, பத்திரம், நகை எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. பூட்டுத் திறக்கவில்லை என்பதற்காக வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று யாரும் சொல்வதில்லை. சுற்றிப் போய்க் கொல்லைப்புறக் கதவைத் திறப்போம். லைவ் சிடி என்பது அந்தக் கொல்லைப்புறக் கதவு.

கணினியை ஆன் செய்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் பயாஸ். இப்போதைய இயந்திரங்களில் யூஇஎஃப்ஐ. அது ‘இயங்குதளம் எங்கே இருக்கிறது?’ என்று ஒவ்வொரு இடமாகத் தேடும். வழக்கமாக ஹார்டு டிஸ்க்கில் கண்டுபிடித்து அதை எழுப்பும். ஆனால் சிடியிலோ பென் டிரைவிலோ முழு இயங்குதளம் ஒன்று தயாராக இருந்து, முதலில் அங்கே பார் என்று நாம் சொல்லிவிட்டால், அதை ரேமுக்குள் ஏற்றி அங்கிருந்தே ஓட்டும். ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸை யாரும் கூப்பிடவே இல்லை. அந்த டிஸ்க் அப்போது வெறும் அலமாரி. திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

சிடியிலிருந்து கணினியை எழுப்பும் முறைக்கு ஒரு பொது விதி 1995ல் வந்தது. பீனிக்ஸ், ஐபிஎம் நிறுவனங்களின் பொறியாளர்கள் வகுத்தது. அதன் பெயர் ‘எல் டொரிட்டோ’. கலிஃபோர்னியாவில் அவர்கள் உட்கார்ந்து பேசிய மெக்சிகோ உணவகத்தின் பெயர் அது. அதற்கு முன்பே, 1992 இறுதியில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் இக்ட்ராசில் என்ற பதிப்பு, சிடியிலிருந்தே ஓடும் வசதியோடு வந்துவிட்டது. ஆனால் அன்றைய சிடி டிரைவ்களின் வேகத்துக்கு அது நத்தை நடை.

இதை ஊர் உலகமெல்லாம் பயன்படுத்தும்படி செய்தவர் கிளாஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர். 2000ல் அவர் வெளியிட்ட நாப்பிக்ஸ், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. சுமார் 2 ஜிபி அளவுள்ள மென்பொருட்களைச் சுருக்கி, 700 எம்பி சிடி ஒன்றில் அடக்கிவிட்டார்; படிக்கப் படிக்க அது விரியும். எந்தக் கணினியில் போட்டாலும் அதன் திரை, ஒலி, நெட்வொர்க் எல்லாவற்றையும் தானே கண்டுகொள்ளும். ஒரு இயந்திரத்தை ஒரு டிரைவர் சிடியும் இல்லாமல் எழுப்ப முடியும் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். பின்னாளில் அதே சிடியில் ‘ஏட்ரியான்’ என்ற பேசும் இடைமுகத்தையும் சேர்த்தார். பார்வைக் குறைபாடுள்ள தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார். திரையைப் பார்க்க முடியாதவரும் கணினியைத் தொடக்கத்திலிருந்தே ஓட்டலாம். நாப்பிக்ஸைப் பற்றிச் சொல்லும்போது இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

நம் பக்கத்துக்கு லைவ் சிடி வந்தது தபாலில். உபுண்டு என்ற லினக்ஸை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம், கேட்டவர் வீட்டுக்கெல்லாம் இலவசமாக சிடி அனுப்பியது. 2005 வாக்கில் தொடங்கி 2011ல் நிறுத்தும்வரை அது நடந்தது. பெயரும் விலாசமும் கொடுத்தால் போதும், தபால் செலவும் அவர்களுடையது. இணைய வேகம் ஊர்ந்துகொண்டிருந்த காலத்தில், 700 எம்பியை இறக்குவது ஒரு ராத்திரி வேலை. அப்போது போஸ்ட்மேன் கையில் வந்த அந்த அட்டை உறையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

சித்தப்பாவின் கணினிக்கு உபுண்டு சரிப்படவில்லை. 512 எம்பி ரேம், திணறும். அதனால் பப்பி லினக்ஸ் எடுத்துப் போனேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பேரி காலர் 2003ல் தொடங்கியது. பழைய, சிறிய இயந்திரங்களுக்கென்றே செய்தது. மொத்தமும் ரேமில் ஏறிக்கொள்வதால், எழுந்த பிறகு சிடியை வெளியே எடுத்துவிடலாம்.

பென் டிரைவில் இன்று

இன்றைய லேப்டாப்களில் சிடி டிரைவே கிடையாது. பெயர் மட்டும் ‘லைவ் சிடி’ என்று நிலைத்துவிட்டது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். நல்ல கணினி ஒன்றில் உபுண்டு, மின்ட், சிஸ்டம் ரெஸ்க்யூ ஏதாவது ஒரு லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு சிடியின் பிரதி அது) இறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுத வேண்டும். சும்மா காப்பி செய்து போட்டால் எழாது. பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வென்டாய் என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு முறை போட்டுவிட்டால், பிறகு எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் வெறுமனே காப்பி செய்து வைக்கலாம். எழும்போது எது வேண்டும் என்று கேட்கும். நான் இப்போது அதைத்தான் சாவிக்கொத்தில் வைத்திருக்கிறேன்.

எழாத கணினியில் பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு சாவியைத் தட்ட வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். நிறுவனத்தின் படம் திரையில் தோன்றும் அந்த ஓரிரு விநாடிக்குள் விட்டு விட்டுத் தட்டுங்கள். தவறினால் அணைத்துவிட்டு மறுபடி.

உபுண்டு எழுந்ததும் ஒரு கேள்வி கேட்கும்: முயன்று பார்க்கிறீர்களா, நிறுவுகிறீர்களா? ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘இன்ஸ்டால்’ பக்கம் விரலே போகக் கூடாது. நிறுவினால் எந்த டிஸ்க்கைக் காப்பாற்ற வந்தோமோ அதே டிஸ்க்கின் மேல் புதிதாக எழுதிவிடும். இந்த ஒரு கிளிக்கில் நல்லபடி இருந்த டிஸ்க்கை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஹார்டு டிஸ்க்கைத் திறந்து வேண்டிய கோப்புகளைக் காப்பி செய்யலாம். எடுத்ததை அதே டிஸ்க்கில் வைக்காமல், தனி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போடுங்கள். பெரிய வீடியோ இருந்தால் ஒரு விஷயம். பென் டிரைவ் ஃபேட்32 வகையாக இருந்தால் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கல்யாண வீடியோ பாதியில் நின்றுபோகும். பலர் ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். எக்ஸ்ஃபேட் வகை டிரைவில் போட்டால் சரியாகிவிடும்.

விண்டோஸ் 8லிருந்து இன்னொரு சிக்கல் சேர்ந்தது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி, நாம் ஷட்டவுன் கொடுத்தாலும் கணினியை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் இருக்கும் டிஸ்க்கை லினக்ஸ் எழுதத் திறக்க மறுக்கலாம். அதை மிரட்டித் திறக்க வேண்டாம். படிக்க மட்டும் திறந்தால் போதும். நமக்கு வேண்டியதும் அதுதானே!

தமிழ்நாடு அரசு 2011ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தந்த இயந்திரங்கள் பலவற்றில், விண்டோஸோடு கூடவே பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது. விண்டோஸ் படுத்துவிட்டால் பாஸை எழுப்பி, விண்டோஸ் பக்கத்தில் இருக்கும் கோப்புகளைக் காப்பி செய்துகொள்ளலாம். பென் டிரைவ்கூட வேண்டாம், கொல்லைக் கதவு வீட்டோடு கட்டியே தரப்பட்டிருந்தது. எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர், வாங்கிய வாரமே கடையில் கொடுத்து அதை அழித்துவிட்டார்கள். அது எதற்கு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு இன்றும் அது ஆறவில்லை.

48 இலக்கம்

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு புதுப்பிப்பால், உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. அது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. விமானங்கள் நின்றன; நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். தீர்வு என்ன? ஒரே ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் அழிப்பதற்கு விண்டோஸ் எழ வேண்டுமே! இயந்திரம் இயந்திரமாகப் போய், சேஃப் மோடிலோ பென் டிரைவிலிருந்தோ எழுப்பி, அந்தக் கோப்பை எடுத்துப் போட்டார்கள். மைக்ரோசாஃப்ட்டே அதற்கென்று பென் டிரைவில் எழுதிக்கொள்ளும் கருவி ஒன்றை அவசரமாக வெளியிட்டது. கிளவுட், ஏஐ என்று பேசும் காலத்தில் உலகம் மீண்டது கையில் பென் டிரைவோடு நடந்துபோன மனிதர்களால்.

அவர்களில் பலரை வழிமறித்தது பிட்லாக்கர். டிஸ்க் முழுவதையும் பூட்டுச் சங்கேதமாக மாற்றி வைக்கும் வசதி அது. அதைத் திறக்க 48 இலக்கச் சாவி வேண்டும். அது இல்லாவிட்டால் லைவ் பென் டிரைவில் எழுப்பினாலும் டிஸ்க் வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். இன்று கடையில் வாங்கும் விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. விழுந்தது உரியவருக்கே தெரிவதில்லை. சாவி அந்தக் கணக்கில் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு? லேப்டாப்பை ‘ரெடி செய்து’ கொடுத்த கடைக்காரர் தன் போன் எண்ணில் தொடங்கிக் கொடுத்த கணக்காகவும் இருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக உங்கள் கணக்கில் நுழைந்து, 48 இலக்கத்தைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.

பூட்டே வேண்டாமே என்று சிலர் கேட்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பூட்டு இல்லாத கணினியை நான் திறந்தது போலவே யாரும் திறக்கலாம். விண்டோஸ் பாஸ்வேர்டு முன்வாசலுக்கு மட்டும்தான் காவல். லைவ் பென் டிரைவ் வைத்திருப்பவர் ஐந்தே நிமிடத்தில் உங்கள் குடும்பப் படங்கள் அத்தனையும் காப்பி செய்துகொண்டு போய்விடலாம். பழுதுபார்க்கக் கொடுக்கும் லேப்டாப், பேருந்தில் தொலைந்த லேப்டாப், பழைய விலைக்குப் போட்ட டிஸ்க் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பூட்டு இருக்கட்டும்; சாவி உங்கள் கையில் இருக்கட்டும்.

டிஸ்க்கே அடிபட்டால்

கணினியைப் போட்டதும் உள்ளிருந்து ‘டிக்... டிக்...’ என்று சீரான சத்தம் வருகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். இது விண்டோஸ் கோளாறு இல்லை. ஹார்டு டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகிறது. அதன் மேல் படிக்கும் முனை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு இடைவெளி அது. முனை பழுதாகித் தட்டில் உரசினால், அது உரசிய இடத்தில் இருந்த தகவல் தூளாகிவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்வதும் இன்னொரு கீறல். இங்கே லைவ் சிடிக்கு வேலை இல்லை. தூசியற்ற அறையில் டிஸ்க்கைத் திறக்கும் வல்லுநரிடம்தான் போக வேண்டும். ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம்.

சத்தம் இல்லாமல், அங்கங்கே பேட் செக்டர் (படிக்க முடியாத இடம்) மட்டும் விழுந்த டிஸ்க் என்றால் வழி இருக்கிறது. கோப்பைத் தேடிக்கொண்டு உள்ளே அலையாமல், முதலில் டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட வேண்டும். அன்டோனியோ டியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ இதற்கென்றே பிறந்தது. தடங்கல் வந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது, தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் அள்ளும். எங்கெங்கே விட்டது என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு, கடைசியில் அந்தக் கெட்ட இடங்களுக்குத் திரும்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கும். நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாகக் கிடக்கும் டிஸ்க்கின் மிச்ச நேரத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று யோசித்து எழுதிய நிரல்.

ஃபார்மேட் போட்டே விட்டார்கள் என்றால்? குவிக் ஃபார்மேட் புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிறது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும். கிறிஸ்டோஃப் கிரனியர் எழுதிய ஃபோட்டோரெக், பொருளடக்கத்தைப் பார்க்காமல் பக்கம் பக்கமாகப் புரட்டும். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரி பைட்டுகளில்தான் தொடங்கும். பிடிஎஃப்புக்கும் அப்படி ஒரு முகம் உண்டு. அந்த முகத்தைக் கண்டால் எடுத்துக் கொடுக்கும். பெயர், ஃபோல்டர் எதுவும் திரும்பி வராது. எண் போட்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் வரும், உட்கார்ந்து பொறுக்க வேண்டும். புது விண்டோஸ் எந்தப் பக்கங்களின் மேல் எழுதிவிட்டதோ அவை போனது போனதுதான். எஸ்எஸ்டி என்றால் நம்பிக்கை இன்னும் குறைவு. ‘ட்ரிம்’ கட்டளை வந்ததும், அழித்த இடத்தை அது தானே துடைத்து வைத்துவிடும்.

சனிக்கிழமை

மன்னார்குடியில் பப்பி எழ மூன்று நிமிடம் ஆனது. சிடி உள்ளே உறுமிச் சுழன்று அடங்கியது. கறுப்புத் திரையில் வரிகள் ஓடின, பிறகு ஒரு நீல மேஜைத்திரை வந்தது. கீழ் ஓரத்தில் இரண்டு சின்ன டிரைவ் படங்கள். முதலாவதைச் சொடுக்கினேன். விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோள்மேல் எட்டிப் பார்த்தார்.

அவர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘ஊர்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய இன்னொரு ஃபோல்டர், அதற்குள் 31 கோப்புகள். பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பது வருடம் 14 எம்பி.

“தொறந்து காட்டுடா” என்றார்.

திறந்தேன். திரை நிறைய ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குழப்பம். ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “போச்சா?” என்றார் பிறகு.

“போகல சித்தப்பா. எழுத்துரு இல்ல, அவ்வளவுதான்.”

யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் டைப் செய்த எல்லோருக்கும் இது நேரும். பாமினி, வானவில் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்தின் எண்தான். அதற்கு மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது எழுத்துரு. பழைய கணினியிலிருந்து தமிழ்க் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு எழுத்துருவை விட்டுவிட்டால், பாதியைத்தான் காப்பாற்றியிருக்கிறோம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதையும் முழுதாகக் காப்பி செய்துவிட வேண்டும். வீட்டுக்குப் போய் என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

பாமினியைத் தேடி எடுத்து பப்பியின் எழுத்துரு ஃபோல்டரில் வைத்தேன். கோப்பை மூடித் திறந்தேன். முதல் பக்கம், நடுவில் தலைப்பு, கீழே குளங்களைப் பற்றிய முதல் அத்தியாயம், தமிழில்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். நாலாவது வரியில் விரல் நின்றது. “இந்த எடத்துல ஒற்று மிகாது. நானா இப்படிப் போட்டேன்? அந்த ‘ப்’ப எடுத்துடு.”

“இப்ப இந்த டிஸ்க்ல எதையும் எழுத வேண்டாம் சித்தப்பா. நாளைக்குத் திருத்திக்கலாம்.”

சரி என்று எழுந்து போய், பழைய நாட்காட்டித் தாள் ஒன்றும் பென்சிலுமாக வந்து உட்கார்ந்தார். பக்கம் 1, வரி 4 என்று எழுதிக்கொண்டு, “கீழ தள்ளு” என்றார்.